418 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம்

பேய்க் கதை என்றாலே நள்ளிரவு, கரண்ட் கட், நாய் ஊளை என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஒரகடத்தில், முந்நூறு பேர் வேலை செய்யும் ஷாப் ஃப்ளோரில், தலைக்கு மேல் வரிசையாக டியூப் லைட் எரிந்துகொண்டிருக்க, காலை 7:41க்கும் 11:18க்கும் நடுவில் நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. கம்பெனியின் பெயரையும் இரண்டு ஏர்போர்ட்களின் பெயரையும் மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

என் பெயர் ரகுபதி. ஊர் படப்பை. கார் முழுக்க ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி எங்களுடையது. அதில் மூன்றாம் லைனுக்கு நான் சூப்பர்வைசர். பதினொரு வருஷ சர்வீஸ். என் லைனில் டார்கெட் தவறியதே கிடையாது. அதற்காக என் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் என்னைத் திட்டுகிறார்கள் என்பதும் தெரியும். திட்டிவிட்டுப் போகட்டும்.

எங்கள் லைனில் வேலை செய்கிறவர்கள் போனை உள்ளே கொண்டுவரக் கூடாது. வாசலில் நம்பர் போட்ட குழிகளோடு ஒரு ரேக் இருக்கும். போனை ஆஃப் செய்து அவரவர் குழியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சூப்பர்வைசருக்கு மட்டும் போன் உண்டு. அவசரம் என்றால் வீட்டில் இருப்பவர்கள் எங்கள் நம்பருக்குக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய் ஆளிடம் சொல்வோம். சொல்வதும் சொல்லாததும் எங்கள் இஷ்டம்.

ஷாரோன் என் லைனில் பதினாலாம் இடம். வயர்க் கட்டின் மேல் டேப் சுற்றுவாள். வடக்குப்பட்டுப் பெண். அவள் புருஷன் ஜோயலும் முன்பு என்னிடம்தான் இருந்தான். மூன்று வருஷம், பதின்மூன்றாம் இடம். ஒருநாள் யாரோ ஏஜெண்டைப் பிடித்து, கனடாவின் வடக்கே ஒரு சுரங்கக் கேம்ப்புக்கு எலக்ட்ரிக்கல் ஹெல்பராகப் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு நாள் லைன் ஆளில்லாமல் திண்டாடியது. மேனேஜரிடம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. நேற்றுவரை என்னிடம் ஏச்சு வாங்கியவன் என்னைவிட நாலு மடங்கு சம்பளம் வாங்குகிறான் என்று கேள்விப்பட்டபோது... ஒளிப்பானேன், வயிறு எரிந்தது.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. ஏ ஷிஃப்ட். காலை 5:50.

ஷாரோன் போனை ரேக்கில் வைக்காமல் எனக்காக வாசலில் நின்றிருந்தாள்.

"சார், அவரு இன்னிக்குக் கெளம்புறாரு சார். பத்தொம்போது மாசம் ஆச்சு. மதிவதனியக்கூட போன்லதான் பாத்துக்கீறாரு."

மதிவதனி அவர்களின் குழந்தை. ஜோயல் போன பிறகு பிறந்தவள்.

"அதுக்கு இன்னா இப்ப? லீவு கீவுன்னு ஆரம்பிக்காத. இன்னிக்கு கஸ்டமர் ஆடிட்டு."

"லீவு வேணாம் சார். கேம்ப்புலேர்ந்து குட்டி ஃபிளைட்டு ஒண்ணுல வராரு. அதுல எறங்கிதான் பெரிய ஃபிளைட்டு மாறணும். அந்தக் குட்டி ஃபிளைட்டுதான் எனக்கு பயமா கீது. எறங்குனதும் உங்க நம்பருக்குக் கூப்புடச் சொல்லிக்கீறேன். ஒரே ஒரு வார்த்த பேச வுடுங்க சார். எறங்கிட்டேன்னு அவரு வாயால கேட்டாப் போதும்."

உள்ளங்கையைக் காட்டினாள். பேனாவால் எழுதிய மூன்று மூன்று எழுத்துகள். இரண்டு ஏர்போர்ட்களின் குறி. அந்த ஊர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. ஒன்று கேம்ப்புக்குப் பக்கத்தில் பனிக்காட்டுக்கு நடுவே இருப்பது. இன்னொன்றும் அதே மாதிரிதான், கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

எனக்கு எதையும் கணக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். என் போனில் தேடினேன். இரண்டு ஏர்போர்ட்டைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் ஒரு பக்கம் வந்தது. நேர்கோட்டில் 418 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம். அதற்குக் கீழே, சாலை வழி இல்லை என்று போட்டிருந்தது.

"எத்தினி மணிக்கு எடுக்குறாங்க?"

"நம்ம டைமுக்கு ஏழு இருவதாம் சார். அங்க ராத்திரி."

"அப்ப எட்டரைக்கு எறங்கிடுவான். கூப்ட்டா சொல்றேன். போய் உக்காரு."

அவள் போனை ஆஃப் செய்து குழியில் வைத்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

சரியாக 7:41க்கு என் போன் அதிர்ந்தது.

திரையில் "ஜோயல் லைன்-3" என்று வந்தது. என்னிடம் வேலை பார்த்த காலத்தில் நான் பதிந்து வைத்த அவனுடைய பழைய நம்பர். அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாப்பா, அதுக்குள்ள எறங்கிட்டியா?"

"இல்லணா... ஃபிளைட்லதான் கீறேன்."

"ஃபிளைட்லேர்ந்து எப்பிடிப் பேசுற?"

"தெரிலணா. ஷாரோனக் கூப்புடுணா."

நான் நின்றிருந்தது கம்ப்ரஸர் பக்கத்தில். அந்த இடத்தில் நேரில் பேசினாலே கத்தித்தான் பேச வேண்டும். அவன் குரலோ காதுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவன் பக்கத்தில் வேறு சத்தமே இல்லை. எஞ்சின் இரைச்சல் இல்லை. ஆள் பேச்சு இல்லை. பணக்கார நாட்டு ஃபிளைட், சத்தமே வராதுபோல என்று எண்ணிக்கொண்டேன். அதற்கும் கொஞ்சம் எரிந்தது.

"லைன் ஓடுதுப்பா. எறங்கினப்புறம் கூப்புடு."

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

"மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம். இப்பதான இருவது நிமிஷம் ஆவுது. தூங்கு."

"சரிணா," என்றான். கட் ஆனது.

போனைப் பையில் போடும்போதுதான் கவனித்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி அது ஜில்லென்று இருந்தது. திரையில் பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது. எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஜனவரியிலும் சட்டை நனையும்.

துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

8:05க்கு மறுபடியும் அதே பெயர்.

"ணா, லைட்டெல்லாம் போய்டுச்சுணா."

"ராத்திரி ஃபிளைட்ல லைட்ட அணைப்பாங்கப்பா. இதுக்கெல்லாமா போன் போடுவ?"

"குளுருதுணா. பக்கத்து சீட்டுக்காரன் பேச மாட்றான். கண்ணு தொறந்துதான் கீது..."

"கண்ணத் தொறந்துகினு தூங்குறவன நீ பாத்ததில்லியா? நைட் ஷிஃப்ட்டுல எல்லாரும் அப்பிடித்தான்."

நானே சொல்லி நானே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஷாரோன ஒரு வாட்டி கூப்புடுணா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எறங்கிட்டுச் சொல்லு."

இந்த முறை நானே கட் செய்தேன். பேசிய நேரம் எவ்வளவு என்று பார்த்தேன். 0:00 என்று காட்டியது.

நேரே பதினாலாம் இடத்துக்குப் போனேன். ஷாரோன் டேப் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"கூப்ட்டாரா சார்?"

கூப்பிட்டான் என்று சொன்னால் இப்போதே பேச வேண்டும் என்பாள். கையை நிறுத்துவாள். பின்னால் ஆறு இடம் தேங்கும். அன்றைக்கு லைன் தேங்கவே கூடாது.

"எட்டரை ஆவட்டும். வேலையப் பாரு."

"இங்க இன்னா சார் மண்ணெண்ண நாத்தம் அடிக்குது?" என்றாள்.

எனக்கும் அடித்தது. மண்ணெண்ணெய் மாதிரிதான், ஆனால் இன்னும் காரமாக. எங்கள் கம்பெனியில் மண்ணெண்ணெய் எதற்கும் பயன்படுத்துவதில்லை.

8:34.

நான் போன் அடிப்பதற்காகக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. ஒரு மணி பத்து நிமிடம் முடிந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது.

"எறங்கிட்டியா?"

"தெரிலணா."

"இன்னாடா தெரிலன்ற? ஃபிளைட்டு நிக்குதா, பறக்குதா?"

"நிக்குதுணா. கதவு தொறந்துக்கினு கீது. காத்து உள்ள வருது."

"அப்பறம் இன்னா, எறங்கிட்ட."

"யாரும் எழுந்திரிக்கலணா. முன்னாடி கீறவரு திரும்பிக்கூட பாக்க மாட்றாரு. கதவு வழியா பாத்தா ஒரு வெளிச்சம் தெரியுது. வூடு மாதிரி கீது. நான் எழுந்து போவட்டுமாணா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரே ஒரு தடவைதான் ஃபிளைட்டில் போயிருக்கிறேன். கம்பெனி டிரெய்னிங்குக்காகப் புனேவுக்கு. இறங்கிய உடனே எழுந்து பையை எடுக்கப்போய், அந்த ஏர் ஹோஸ்டஸ் பெண் எல்லோர் முன்னாலும் என்னைக் கண்டித்து உட்காரவைத்தாள். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"டேய், இன்னா டவுன் பஸ்ஸா அது, நெனச்சப்ப எறங்கறதுக்கு? பெல்ட்டப் போட்டுக்கினு உக்காரு. அவங்க வந்து சொன்னாதான் எழுந்திரிக்கணும்."

"யாரும் வரலியேணா."

"கையத் தூக்கு. வருவாங்க. நம்ம லைன்ல இன்னா பண்ணுவ? ரிலீவர் வராம எடத்த வுட்டு எழுந்திரிப்பியா?"

எங்கள் லைனில் அதுதான் சட்டம். ஒன்றுக்குப் போவதென்றாலும் கையைத் தூக்க வேண்டும். இடத்துக்கு மேல் இருக்கும் சிவப்பு விளக்கை நான் போடுவேன். ரிலீவர் வந்து உட்காருவாள். அதற்குப் பிறகுதான் எழுந்து போக வேண்டும். ஜோயல் அதில் கெட்டிக்காரன். ஒருமுறை கட்டரில் விரல் அறுந்து ரத்தம் ஒழுக, ரிலீவர் வரும்வரை இருபது நிமிடம் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். மறுநாள் மீட்டிங்கில் அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "ஆள்னா இப்பிடி இருக்கணும்" என்று கைதட்டச் சொன்னேன்.

"ரிலீவர் வருவாங்களாணா?" என்று கேட்டான்.

"வருவாங்க. உக்காரு."

"சரிணா."

என்ன எழவு இது, ஒரு மணி பத்து நிமிடம் என்றுதானே போட்டிருந்தது என்று அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்தேன்.

தூரம்: 0.5 கிலோமீட்டர்.

பறக்கும் நேரம் என்ற இடம் காலியாக இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்தேன். மறுபடியும் 418 காட்டியது. நெட் கோளாறு என்று மூடிவிட்டேன்.

அந்த நேரத்தில் பதினாலாம் இடத்தில் ஷாரோன் கையைத் தூக்கினாள். எட்டரை தாண்டிவிட்டது, கேட்கத்தான் தூக்குகிறாள் என்று புரிந்தது. ரிலீவர் பூஜா என் பக்கத்தில்தான் சும்மா நின்றிருந்தாள்.

"போவட்டுமா சார்?" என்றாள் பூஜா.

"வேணாம். ஆடிட்டு முடியட்டும்."

ஷாரோன் ஐந்து நிமிடம் கையைத் தூக்கியே வைத்திருந்தாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

9:48. ஆடிட் ஆட்கள் வந்தார்கள். மூன்று பேர். வெள்ளைக் கோட்டு, தொப்பி. கூடவே எங்கள் மேனேஜர். போனை முன்னதாகவே சுவிட்ச் ஆஃப் செய்து பேண்ட் பையில் வைத்திருந்தேன்.

9:50. தொடையில் ஏதோ சுட்டது.

சூடு இல்லை. குளிர். ஐஸ் கட்டியைத் துணிக்குள் வைத்து அழுத்தினால் எப்படி எரியும், அப்படி எரிந்தது.

பையில் போன் அதிர்ந்தது.

ஆஃப் செய்த போன்.

வெளியே எடுக்காமல் விரலால் அழுத்தினேன். நின்றது. மறுபடி அதிர்ந்தது. அழுத்தினேன். மறுபடியும்...

9:52. வயர் ரீல் அடுக்கியிருந்த ரேக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். எடுத்தேன். திரை கறுப்பாகத்தான் இருந்தது. எந்தப் பெயரும் இல்லை. காதில் வைத்தேன்.

காற்று. ஓயாத காற்று. எதிலோ தகரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ணா... கையத் தூக்கிக்கினேதான் கீறேன். ரிலீவர் வரலணா."

வாய் மரத்தவன் பேசுவதுபோல் மெதுவாக வந்தது குரல்.

ரேக்கின் இடுக்கு வழியாக லைன் தெரிந்தது. பத்தடி தூரத்தில் ஷாரோன். அவள் கை டேப் சுற்றிக்கொண்டிருந்தது. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் உதடு அசைந்தது.

"அந்த வெளிச்சம் அணஞ்சிடுச்சுணா," என்றது போனில் குரல்.

அதே வார்த்தைகளுக்கு அவள் உதடு அசைந்தது. ஒரு எழுத்து முன்பின் இல்லை.



"எழுந்திரிக்கட்டுமாணா? ஒரே வார்த்த... நீ சொன்னா எழுந்திரிச்சிடுறேன்."

அவள் உதடும் அதையே கேட்டது.

"ரகுபதி!" மேனேஜர் கூப்பிட்டார். மூன்று வெள்ளைக் கோட்டுகளும் என் பக்கம் திரும்பின.

பயம் ஒரு பக்கம். வேலை போய்விடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிதாக இருந்தது என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவதுதான்.

போனில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காத."

"சரிணா."

அவள் உதடு "சரிணா" என்றது. பிறகு குனிந்து வேலையைப் பார்த்தாள்.

அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் எதுவும் வரவில்லை. ஆடிட் ஆட்கள் நல்லபடியாக எழுதிக்கொண்டு போனார்கள். மேனேஜர் என் தோளில் தட்டினார். நான் சிரித்தேன். தொடையில் எரிச்சல் மட்டும் குறையவில்லை.

பதினாலாம் இடத்துக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் போடவில்லை. சுவிட்ச் என் மேஜையில்தான் இருக்கிறது. அது அணைந்த நிலையில்தான் இருந்தது.

"விளக்கு எரியுதே, போவட்டுமா சார்?" என்று பூஜா மறுபடியும் கேட்டாள்.

"ரிப்பேரு. வுடு."

11:18.

போன் அதிரவில்லை. மேஜைமேல் சும்மா கிடந்தது.

அதிலிருந்து குரல் மட்டும் வந்தது. ஸ்பீக்கரில் போட்டதுபோல்.

"ணா..."

நான் அசையவில்லை.

"நீ சொல்லவே இல்லியேணா..."

அவ்வளவுதான்.

போனைப் பாய்ந்து எடுத்தேன். "எழுந்திரு! ஜோயல், எழுந்திருடா! போ, எழுந்து போ!" என்று கத்தினேன்.

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

காற்றுச் சத்தம்கூட இல்லை.

சிவப்பு விளக்கு அணைந்தது.

போனை ஆன் செய்தேன். அந்தப் பழைய நம்பருக்கு அடித்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த பெண் குரல் சொன்னது. மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் அதையே சொன்னது.

11:30க்குச் சாப்பாட்டு மணி அடித்தது. ஷாரோன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ரேக்குக்கு ஓடினாள். போனை ஆன் செய்தாள். பார்த்தாள். என்னிடம் வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரல சார். உங்களுக்கு வந்துச்சா?"

நாலு தடவை வந்தது என்று சொல்லலாம். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்பாள்.

"வரலம்மா."

"யார சார் எழுந்திருன்னு கத்துனீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போய் சாப்புடு."

அவள் சாப்பிடப் போகவில்லை. அங்கேயே நின்றாள். 12:40க்கு அவள் அண்ணன் ஜெபகுமார் ஓடி வந்தான். எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவன். ஏஜெண்ட் அவனுக்குத்தான் போன் செய்திருந்தான். குட்டி ஃபிளைட் அந்த ஊருக்குப் போய்ச் சேரவே இல்லையாம்.

ஷாரோன் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

மறுநாள் கண்டுபிடித்தார்கள். பத்தொன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. வடக்குப்பட்டில் அடக்கம். கம்பெனி சார்பில் மாலை வாங்கிக்கொண்டு நான்தான் போனேன். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். நீதானே அவன் சூப்பர்வைசர் என்றார்.

கல்லறையில் எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு ஷாரோன் என் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் மதிவதனி.

"அவரு உங்களுக்குக் கூப்ட்டாரா சார்? உண்மையச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"இல்லம்மா," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பும்போது ஜெபகுமார் என்னை மெயின் ரோட்டு டீக்கடைவரை கொண்டுவந்து விட்டான். பைக்கை நிறுத்திவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தான். கனடாவிலிருந்து வந்த காகிதங்கள்.

"தங்கச்சிகிட்ட காட்டல சார். யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். நீங்க அவனுக்குக் குரு மாதிரி. அதான் உங்ககிட்ட..."

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஏஜெண்ட் ஆபீஸில் யாரையோ வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தான்.

ஃபிளைட் கிளம்பிய ஒன்பதாவது நிமிடம் விழுந்துவிட்டது. நம் நேரத்துக்கு 7:29. எனக்கு முதல் போன் வந்தது 7:41க்கு.

பைலட்டையும் சேர்த்து ஐந்து பேர். நாலு பேர் விழுந்த அந்த நொடியிலேயே போய்விட்டார்கள்.

"ஜோயல் மட்டும் போவல சார். குளுருலதான் போயிருக்கான். கிட்டத்தட்ட நாலு மணி நேரம் உசுரோட இருந்திருக்கான்னு டாக்டரு எழுதிக்கீறாரு."

குடிக்காத டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"கையில கால்ல ஒரு அடி இல்ல சார். அவன் போன் தூள்தூளாக் கெடந்துச்சாம். அதனால யாரையும் கூப்புட முடில. ஆனா பக்கத்துலயே, குளுரு காலத்துல மட்டும் பனி மேல ரோடு போடுறவங்க தங்கற கொட்டாய் ஒண்ணு இருந்துக்கீது. உள்ள ஆள் இருந்துக்கீறாரு. அடுப்பு, ரேடியோ, எல்லாம். ஜெனரேட்டர் சத்தத்துலயும் காத்துலயும் விழுந்தது அவருக்குக் கேக்கல. ராத்திரி பத்து இருவது வரைக்கும் வெளிய லைட்டு போட்டு வெச்சிருந்தாராம்."

அங்கே ராத்திரி பத்து இருபது என்றால் நமக்குக் காலை 9:50.

"எவ்ளோ தூரம்?" என்று கேட்டேன். கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அர கிலோமீட்டர் சார். நடந்தா பத்து நிமிஷம்."

ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"பெல்ட்டு போட்டபடியே உக்காந்துக்கீறான் சார். பெல்ட்டு நல்லாத்தான் வேல செய்யுதாம். ஒரு அழுத்து அழுத்துனா கழண்டுக்கும். ஏன் எழுந்து போவலன்னு அந்த ஊருக்காரங்களுக்கே புரிலயாம். இத பாருங்க."

கடைசிக் காகிதத்தில் ஒரு போட்டோ இருந்தது. நான் பார்க்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

பனி மூடிய சீட்டில் ஜோயல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இடுப்பில் பெல்ட். வலது முழங்கையை முன் சீட்டின் முதுகில் ஊன்றியிருந்தான். கை விறைத்து, விரல்கள் விரிந்து, நேராக மேலே தூக்கியபடி இருந்தது.

"நாலு மணி நேரம் கையத் தூக்கிக்கினு யார சார் கூப்புட்டுக்கினு இருந்தான்?" என்று ஜெபகுமார் அழுதுகொண்டே கேட்டான்.

தெரியவில்லை என்று சொன்னேன்.